தவறிய சோதனை எதுவென்று சொல்லுங்கள்: மென்பொருள் நிறுவனங்களின் ஆளெடுப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளெடுப்புக் குழுவினருக்கும், கோடிங் தேர்வுகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

இணையவழிக் கோடிங் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை அமைத்தவர்களே நீங்கள்தாம். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். அண்மையில் ஒரு நிறுவனத்தின் முதற்கட்டத் தேர்வை எழுதினேன். டெஸ்ட் கேஸ் என்பது நிரலுக்குத் தரும் ஓர் உள்ளீடும் அதற்கு வர வேண்டிய விடையும் கொண்ட சோதனை. திரையில் காட்டப்பட்ட மாதிரி டெஸ்ட் கேஸ்கள் அனைத்துக்கும் என் நிரல் சரியான விடையைத் தந்தது. சமர்ப்பித்த பிறகு, மறைத்து வைக்கப்பட்டிருந்த 15 டெஸ்ட் கேஸ்களில் 12 தேறின, 3 தவறின என்று ஒற்றை வரி தோன்றியது. எந்த மூன்று, எதனால் தவறின என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலையே, வேறு விண்ணப்பதாரர்களுடன் தொடர முடிவு செய்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. காரணம் கேட்டு நான் எழுதியதற்கு, இந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் படிக்கப்படுவதில்லை என்ற தானியங்கிக் குறிப்பே பதிலாகக் கிடைத்தது.

வேலை கிடைக்காதது குறித்து முறையிட இந்த மடலை எழுதவில்லை. யாரை எடுப்பது, யாரை விடுப்பது என்பது உங்கள் உரிமை. என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஒரு சோதனை தவறினால், அது எவ்வகையில் தவறியது என்பதை எழுதியவருக்குச் சொல்லுங்கள். விடை தவறா, நேர வரம்பு மீறப்பட்டதா, நினைவக வரம்பு மீறப்பட்டதா, ஓடும்போதே நிரல் நின்றுவிட்டதா என்ற நான்கில் ஒன்றைச் சொன்னால் போதும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்கிறேன். முழு எண்களின் பட்டியல் ஒன்று தரப்படும்; அதில் தொடர்ச்சியாக அமைந்த எத்தனை பகுதிகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட இலக்குக்குச் சமமாக வருகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பயிற்சி செய்தவர்கள் அனைவருக்கும் பழகிய கேள்விதான். எல்லாப் பகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால், ஒரு லட்சம் எண்கள் உள்ள பட்டியலில் ஏறத்தாழ 500 கோடிப் பகுதிகளைத் தொட வேண்டியிருக்கும். இத்தகைய தேர்வுகளின் வழக்கமான நேர வரம்பு அதைத் தாங்காது. எதிர்ம எண்கள் இருக்கக்கூடும் என்பதால், பட்டியலின் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நகர்த்திக்கொண்டே செல்லும் ஸ்லைடிங் விண்டோ முறையும் உதவாது. அதனால் தொடக்கத்திலிருந்து திரளும் கூட்டுத்தொகைகளை, எதையும் விரைவாகத் தேடி எடுக்க உதவும் ஹேஷ் மேப் என்னும் அட்டவணையில் குறித்துக்கொண்டே பட்டியலை ஒரே முறை கடந்து செல்லும் வழியில் எழுதினேன்.

ஆனால் கேள்வித்தாளில் பட்டியலின் அதிகபட்ச நீளமும் இல்லை, எண்களின் எல்லையும் இல்லை. நிரப்பித் தரப்பட்டிருந்த செயற்கூற்றின் (ஃபங்ஷன்) விடை வகை மட்டும் 32 பிட் முழு எண் என்று உறுதியாக இருந்தது. அதை மாற்ற அனுமதி இல்லை. இப்போது, ஒரு லட்சம் சுழியங்கள் கொண்ட பட்டியலையும் சுழிய இலக்கையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியும் பொருந்துவதால் சரியான விடை 500 கோடியே 50 ஆயிரம். 32 பிட் முழு எண்ணில் அடங்கக்கூடிய மிகப் பெரிய மதிப்போ 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. எதிர்பார்க்கப்படும் விடைகளைப் பைதான் போன்று எண்ணின் அளவுக்கு வரம்பில்லாத ஒரு மொழியில் கணித்து வைத்துவிட்டு, அதே கேள்வியை வேறு மொழியில் 32 பிட் வகையோடு எங்களிடம் தந்திருந்தால், உலகில் எவர் எழுதினாலும் அந்தச் சோதனை தேறாது.

அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. காலிப் பட்டியலுக்கு என்ன விடை எதிர்பார்க்கப்பட்டது என்பதில் வேறுபாடு இருந்திருக்கலாம். எண்கள் மிகப் பெரியவையாக இருந்து கூட்டுத்தொகை வரம்பு மீறியிருக்கலாம். ஹேஷ் மேப்பே மெதுவாகி நேரம் கடந்திருக்கலாம். என் நிரலில் நான் இன்னும் காணாத குறை ஒன்று இருக்கலாம். இவற்றுள் எது என்று எனக்குத் தெரியாது என்பதே என் குறை. விடை தவறு என்று தெரிந்திருந்தால் ஒரு திசையில் தேடியிருப்பேன்; நேரம் மீறியது என்றால் இன்னொரு திசையில் தேடியிருப்பேன். ‘3 தவறின’ என்ற வரியை வைத்துக்கொண்டு எந்தத் திசையிலும் தேட முடியாது. வேலைக்கும் வீட்டுப் பொறுப்புகளுக்கும் நடுவே, எல்லோரும் உறங்கிய பிறகு அமர்ந்து பயிற்சி செய்பவர் ஒருவருக்கு, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற அந்த ஒரு சொல்லைத் தர மறுப்பது சிறிய விஷயம் அன்று.

பயிற்சித் தளங்களில் நாங்கள் கற்பதே தவறிய உள்ளீட்டைப் பார்த்துத்தான். ஒன்றோடொன்று கோத்த கணுக்களாகத் தரவை வைக்கும் லிங்க்டு லிஸ்டில் ஒரே ஒரு கணு இருக்கும்போது நிரல் உடைகிறது என்பதையும், கிளைகளாகத் தரவை வைக்கும் மரம் ஒரே பக்கமாகச் சாய்ந்து வளர்ந்திருந்தால், தன்னையே மீண்டும் மீண்டும் அழைக்கும் நிரலுக்கான நினைவிடமான ரிகர்ஷன் ஸ்டாக் நிரம்பிவிடுகிறது என்பதையும் யாரும் எங்களுக்கு விரிவுரையாகச் சொல்லித் தரவில்லை. தவறிய சோதனை சொல்லித் தந்தது. அதே கேள்வி உங்கள் தேர்வில் வரும்போது மட்டும் அந்தக் கற்றல் அடைக்கப்படுகிறது.

தவறிய உள்ளீடு வெளியே தெரிவதால் யாருக்கு நன்மை என்பதற்கு உங்கள் துறையிலேயே ஒரு வரலாறு உண்டு. வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு முறையும் நடுவில் பாதியாகப் பிரித்துத் தேடும் பைனரி சர்ச் முறை 1946-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. எல்லா நீளங்களுக்கும் பொருந்தும் வடிவம் அச்சில் வருவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. ஜாவா மொழியின் நிலையான நூலகத்தில் இருந்த பைனரி சர்ச் நிரலில் ஒரு பிழை இருப்பதை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-ல் தாமே வெளிப்படையாக எழுதினார். நடுப்புள்ளியைக் காண இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும்போது, பட்டியல் சுமார் 107 கோடி உறுப்புகளைத் தாண்டினால் அந்தக் கூட்டல் 32 பிட்டுக்குள் அடங்காமல் எதிர்ம எண்ணாகிவிடும். ஏறத்தாழ 9 ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. யாரோ ஒருவரின் நிரல் உடைந்து, எங்கே உடைந்தது என்று அவர் தெரிவித்ததால்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. தேர்ந்த பொறியாளர்களின் நூலகத்திலேயே இது நிகழ்ந்ததென்றால், வாரந்தோறும் புதிதாகச் சேர்க்கப்படும் தேர்வுக் கேள்விகளில் பிழையே இராது என்று எப்படிக் கொள்வது? பிழையுள்ள ஒரு டெஸ்ட் கேஸ் எத்தனை பேரை வெளியே நிறுத்தினாலும், அதைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பு அந்த வரிசையில் நிற்கும் எவருக்கும் இல்லை.

காரணத்தைச் சொன்னால் கேள்விகள் கசிந்துவிடும் என்பது உங்கள் பக்கத்திலிருந்து வரும் பதில். டெஸ்ட் கேஸ்களைத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐசிபிசி என்னும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான பன்னாட்டு நிரலாக்கப் போட்டியில், நடுவர்களின் உள்ளீடுகள் போட்டி நடக்கும்போது யாருக்கும் காட்டப்படுவதில்லை. ஆனால் விடை தவறா, நேரம் மீறியதா என்பது சமர்ப்பித்த அணிக்குச் சொல்லப்படுகிறது. அந்த அளவு வெளிப்படைத்தன்மையால் போட்டியின் மதிப்பு குறையவில்லை. ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் எழுத ஆளில்லை என்ற காரணமும் இங்கே பொருந்தாது. எந்தச் சோதனை எதனால் தவறியது என்பதை உங்கள் கணினி ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கிறது. அதை எங்களுக்குக் காட்டாமல் இருப்பதற்குத்தான் தனியே ஏற்பாடு தேவைப்படுகிறது.

இந்தத் தேர்வைக் கடந்து நேர்காணலுக்கு வருபவர்களின் நிலையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 48 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. ஒரு சாரார் நேர்காணல் செய்பவரின் கண்முன் உரக்கச் சிந்தித்தபடி கேள்வியைத் தீர்த்தார்கள். மற்றொரு சாரார் அதே கேள்வியைத் தனியறையில் தீர்த்தார்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதாலேயே செயல்திறன் பாதியளவுக்கும் கீழே இறங்கியது. பார்வைக்கு உட்பட்ட குழுவில் இருந்த பெண்களில் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். சிறிய ஆய்வுதான். என்றாலும் அந்த முடிவைப் படித்த பிறகும், எழுதுபவரின் ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் 45 நிமிடங்கள் பார்த்துக்கொண்டே இருப்பதை மாற்றத் தோன்றாதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. நாங்கள் அல்காரிதம் தெரியாதவர்கள் என்று குறித்துக்கொள்ளப்படும் இடங்களில் எத்தனை இடங்களில் உண்மையில் பதற்றம் அளக்கப்பட்டது என்று யார் கணக்கெடுத்தார்கள்?

உங்கள் துறை மாறவே மாறாது என்று நான் நம்பவில்லை. ஆளெடுப்பில் கேட்கப்பட்ட விடுகதைப் புதிர்கள் யாருடைய திறமையையும் முன்னறிவிப்பதில்லை, அவை முழுக்க நேர விரயம் என்று கூகுளின் அன்றைய மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக் 2013-ல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நெடுநாள் வழக்கத்தைத் தரவுகளைப் பார்த்துக் கைவிட முடிந்த துறைக்கு, முடிவுத் திரையில் ஒரு வரியைச் சேர்ப்பது இயலாத காரியம் அன்று.

நேர்காணல் முறை குறித்த விவாதம் நீண்டது. அதற்கு உங்களுக்குக் காலம் தேவைப்படலாம். ஆனால் இந்த மடலின் கோரிக்கைக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. உள்ளீட்டின் அளவையும் எண்களின் எல்லையையும் கேள்வியிலேயே எழுதுங்கள். தவறிய ஒவ்வொரு மறைசோதனைக்கும் எதிரே அது தவறிய வகையைக் காட்டுங்கள். கேள்வியிலேயே பிழை இருப்பதாகக் கருதுபவர் அதைத் தெரிவிக்க, மனிதர் ஒருவர் படிக்கும் முகவரி ஒன்றைத் தாருங்கள். அப்படி ஒரு பிழை உறுதியானால், அதனால் தவறியவர்களின் தேர்வை மறுபடி மதிப்பிடுங்கள். அடுத்த ஆளெடுப்புச் சுற்று தொடங்கும் முன் இவற்றுள் முதல் இரண்டையேனும் நடைமுறைப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயலாது என்று முடிவெடுத்தால், அதற்கான காரணத்தையாவது பொதுவில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தேர்வுகளை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு விண்ணப்பதாரர்