அனிமே தயாரிப்புக் குழுக்களுக்கு: போஸ்டரில் பார்த்த முகம் எபிசோடில் எங்கே?

அன்புள்ள தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களுக்காகப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை விற்பவர் என்று பலரும் பணம் போட்டுச் சேர்கிற அமைப்பு உங்களுடையது. படம் வரைகிற ஸ்டூடியோ பல நேரம் உங்களிடம் கூலிக்கு வேலை எடுத்துச் செய்கிற இடம்தான். கதாபாத்திரம் பார்க்க எப்படி இருக்க வேண்டும், எந்த மாதம் ஒளிபரப்பாக வேண்டும் என்ற இரண்டிலும் உங்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. அதனால்தான் இந்த மடல் ஸ்டூடியோவுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

முதலில் ஒரு போஸ்டர் வெளியிடுகிறீர்கள். நாயகியின் தலைமுடி இழை இழையாகப் பிரிந்து பறக்கிறது. உடையில் மூன்று அடுக்கு லேஸ், இடுப்பில் நான்கு வார்கள், கண்ணுக்குள் மட்டும் ஐந்தாறு நிறங்கள். நாங்களும் வாய் பிளந்து பார்த்துவிட்டு நாலு பேருக்கு அனுப்புகிறோம். முதல் எபிசோடும் நன்றாகவே இருக்கிறது. நான்காவது எபிசோடில் அதே பெண்ணின் ஒரு கண் கன்னத்துக்கு இறங்கிவிடுகிறது, லேஸ் காணாமல் போகிறது. உடனே ஸ்க்ரீன்ஷாட், மீம், கேலி. திட்டு மொத்தமும் அனிமேட்டர் தலையில் விழுகிறது. போஸ்டரைத் தேர்ந்தெடுத்தவரை யாரும் கேட்பதில்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம். டிவி அனிமேயில் ஒரு படத்தைப் பெரும்பாலும் மூன்று ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள் என்பதால், அசையும் காட்சிக்கு நொடிக்கு எட்டுப் படமாவது வேண்டும். டிசைனில் நீங்கள் சேர்க்கச் சொன்ன ஒவ்வொரு வாரும் ஒவ்வொரு மடிப்பும் அந்த எட்டிலும் வந்தாக வேண்டும், அதுவும் சரியான கோணத்தில். அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் கீ ஃபிரேம்களுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரைபவருக்குப் படத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுமார் 200 யென் என்பது பல ஆண்டுகளாக அடிபடும் தொகை. வெறும் சட்டை வரைந்தாலும் லேஸ் கவுன் வரைந்தாலும் பெரும்பாலும் அதே காசுதான். அப்புறம் அந்த லேஸ் எப்படித் தங்கும்?

டிசைனில் கோடுகளைக் குறைத்தால் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயப்பட வேண்டாம். 2018இல் வந்த டிராகன் பால் சூப்பர்: புரோலி படத்துக்கு நவோஹிரோ ஷின்தானி செய்த டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பிருந்த பளபளப்பும் கத்தி மாதிரிக் கூர்மையான தசைகளும் போய், உடல்கள் மென்மையாகின, கோடுகள் குறைந்தன. பலன் ஃபைட் சீன்களில் தெரிந்தது. உடம்பு வளைகிறது, எடை தெரிகிறது, அடி விழுவது கண்ணுக்கு உறைக்கிறது. நின்றபடி அழகாக இருப்பது போஸ்டருக்குப் போதும். அனிமேயில் வரும் ஆள் ஓட வேண்டும், விழ வேண்டும், அழ வேண்டும்.

நுணுக்கமே கூடாது என்று சொல்லவில்லை. அதே 2018இல் வந்த வயலெட் எவர்கார்டன் தொடரில் நாயகியின் உடை, மார்பில் உள்ள கல், உலோகக் கைகள் எல்லாமே வரைபவரை வாட்டுகிற டிசைன்தான். ஆனாலும் அது கடைசிவரை கலையவில்லை. அதன் மூல நாவலுக்குப் படம் வரைந்த அகிகோ தகாசேயே அனிமேவுக்கும் டிசைன் செய்தார். அதைத் தயாரித்த கியோட்டோ அனிமேஷன் தன் வரைபவர்களைச் சம்பளத்துக்கு உள்ளேயே வைத்துப் பயிற்சி தரும் ஸ்டூடியோ. அந்த நேரத்தையும் ஆட்களையும் கொடுக்க முடிந்தால் தாராளமாக லேஸ் வையுங்கள்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. இரண்டு வேறு விஷயங்களை ஒரே வார்த்தையில் திட்டுகிறோம். நருட்டோ ஷிப்புடென் தொடரின் 167ஆம் எபிசோடில் (2010) முகங்கள் ரப்பர் போல இழுபடும். நிறுத்திப் பார்த்தால் சிரிப்பு வரும். ஓடவிட்டுப் பார்த்தால் வேகமும் வெறியும் தெரியும். அது வேண்டுமென்றே செய்தது. டிராகன் பால் சூப்பர் தொடரின் ஐந்தாவது எபிசோட் (2015) அப்படியல்ல. ஓடவிட்டுப் பார்த்தாலும் தேறாது. பிறகு விற்பனைக்கு வந்த டிஸ்கில் திருத்தித்தான் கொடுத்தார்கள். எங்கள் கூச்சலைக் கேட்டு முதல் வகைத் துணிச்சலை நிறுத்திவிடாதீர்கள். எல்லா முகமும் எல்லா நொடியும் டிசைன் தாளில் உள்ளபடியே இருந்தால், அதைப் பார்ப்பதும் அலுப்புதான்.

டிஸ்கில் திருத்துவது பற்றி ஒரு வார்த்தை. 2006இல் ஒரு காதல் தொடரில் முட்டைக்கோஸ் நறுக்கும் காட்சி வந்தது. இலையே இல்லாத வழவழப்பான பச்சை உருண்டை! டிவிடியில் சரிசெய்தார்கள், ஆனால் அந்த உருண்டைதான் இன்றுவரை வாழ்கிறது. அதன்பின் வந்த சில அனிமேக்களில் முட்டைக்கோஸை மட்டும் இலை இலையாக வரைந்து காட்டிய குறும்புக்காரர்களும் உண்டு. முதலில் பார்த்ததுதான் மனதில் நிற்கும். திருத்தத்துக்குச் செலவிடும் காசை ஒளிபரப்புக்கு முன்பே செலவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒரே முகத்தை வைத்து முடி நிறத்தை மட்டும் மாற்றுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஐந்து நாயகிகளையும் கறுப்பு நிழலாக நிரப்பிப் பாருங்கள், யார் யாரென்று உங்களுக்கே தெரிகிறதா?

எபிசோட் முடிவில் ஓடும் பெயர்களை நாங்கள் படிப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வரைந்த முகங்களைத் திருத்தி ஒழுங்குபடுத்துகிற அனிமேஷன் இயக்குநர் என்ற இடத்தில் ஒன்றிரண்டு பெயர் இருந்தால் நிம்மதி. பத்துப் பன்னிரண்டு பெயர் வரிசையாக வந்தால், கடைசி நேரத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்துவிடும். வெளிநாட்டுப் பதிப்புகளில் அந்தப் பெயர்கள் பல நேரம் ஜப்பானிய எழுத்திலேயே விடப்படுகின்றன. வசனத்துக்கு சப்டைட்டில் போடுபவர்களால் பெயர்களுக்கும் போட முடியும். திட்டும்போது மட்டும் அனிமேட்டரைத் தேடும் எங்கள் ஆட்களுக்கு, பாராட்டவும் ஒரு பெயர் கிடைக்கும்.

டிசைனை முடிவு செய்யும் கூட்டத்தில், அதை வரையப்போகும் ஒருவரை உட்காரவைத்து, அவர் முடியாது என்றால் கேளுங்கள். வேலை முடியாவிட்டால் ஒளிபரப்பைத் தள்ளிவையுங்கள், காத்திருக்கிறோம். அடுத்த தொடரை அறிவிக்கும்போது பளபளக்கும் ஒற்றைப் படத்தோடு, அந்தப் பாத்திரம் நடந்து திரும்பிப் பார்க்கும் பத்து நொடிக் காட்சியையும் சேர்த்து வெளியிடுங்கள். அந்தப் பத்து நொடியை வைத்தே பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
முடிவில் ஓடும் பெயர்களைத் தவிர்க்காத ஒரு ரசிகர்