ஷோம்பென் மக்களின் சம்மதத்தை யார் கொடுத்தது?

பழங்குடி மக்களுக்கான ஐ.நா. நிரந்தர மன்றத்தின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கிரேட் நிக்கோபார் தீவிலிருந்து எழுதுகிறேன். நான் பழங்குடி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரை அரசு இந்தத் தீவின் கிழக்குக் கரையில் குடியமர்த்தியது. பஞ்சாபிகள், மராட்டியர்கள், தமிழர்கள் என்று கப்பலில் வந்து இறங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். காட்டை வெட்டித் தென்னை வைத்தார். அது யாருடைய காடு என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இப்போதும் கேட்காமலேதான் நடக்கிறது. கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், அதோடு விமான நிலையம், மின் நிலையம், புதுநகரம் என்று, 2022-இல் 72,000 கோடி ரூபாய் எனக் கணக்கிட்ட திட்டம். எடுக்கும் 166 சதுர கிலோமீட்டரில் 130 காடு. சுமார் 8,000 பேர் இருந்த தீவில் மூன்றரை லட்சம் பேர் குடியேறுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெட்டும் காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் நடுவார்களாம்!

இந்தத் தீவின் பழங்குடிகளான ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். உள்காட்டில் ஆற்றோரமாக இருப்பவர்கள். தாழம்பழத்தை வேகவைத்து எடுக்கும் கூழ்தான் அவர்களுக்குச் சோறு. சிறுமியாக இருந்தபோது ஒருமுறை பார்த்தேன். இரண்டு ஆண்கள், கரையோரப் பழங்குடிகளான நிக்கோபாரிகளின் வீடு ஒன்றின் வாசலில் தேனையும் பிரம்புக் கட்டுகளையும் இறக்கி வைத்தார்கள். துணியும் ஓர் அரிவாளும் வாங்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள். எங்கள் ஊருக்கு வழி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வராமல் இருப்பது அவர்கள் எடுத்த முடிவு. அவர்களிடம் திட்ட ஆவணத்தை விளக்கிச் சொன்னவர் யார்? எந்த மொழியில்?

நிக்கோபாரி மக்களின் கதை வேறு. 2004 சுனாமியில் தெற்கு, மேற்குக் கரை ஊர்கள் அழிந்தன. பிழைத்தவர்களை எங்கள் ஊரான கேம்பல் பே பக்கம் ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் கொண்டுவந்து வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள், இருபது வருடம் தாண்டிவிட்டது. தென்னையும் பன்றியும்தான் அவர்கள் சொத்து. தகரக் கூரை வரிசையில் பன்றி எங்கே வளர்ப்பது? கூலி வேலைக்குப் போகிறார்கள். சொந்த ஊருக்கு விடுங்கள் என்று அன்றிலிருந்து கேட்கிறார்கள். 2022 ஆகஸ்டில் அவர்களுடைய பழங்குடிக் குழுவிடம் திட்டத்துக்கு ஆட்சேபமில்லை என்று அதிகாரிகள் கடிதம் வாங்கினார்கள். தங்கள் பூர்வீக நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்று தெரிந்ததும் நவம்பரிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வேலை நிற்கவில்லை.

என் தெருவில் பாதிப்பேர் துறைமுகம் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கப்பல் வராத நாட்களில் மாத்திரைக்குக்கூடத் தவித்தவர்கள் நாங்கள். ஆனால் 1999-இல் அந்தமானின் ஜாரவா பழங்குடி மக்களிடையே தட்டம்மை பரவியதையும் இதே தீவுக்கூட்டத்தில்தான் பார்த்தோம். 229 பேரில் ஒரு தொற்று நுழைந்தால் என்ன மிஞ்சும்? 2024 பிப்ரவரியில் 13 நாடுகளைச் சேர்ந்த 39 இனப்படுகொலை ஆய்வாளர்கள் குடியரசுத் தலைவருக்கு இதைத்தான் எழுதினார்கள்.

2007-இல் உங்கள் பழங்குடி உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. முன்கூட்டியே தகவல் சொல்லிச் சுதந்திரமான சம்மதம் பெற வேண்டும் என்கிறது அதன் 32-ஆவது பிரிவு. இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்பது டெல்லியின் பதில். எல்லோரும் பூர்வகுடி என்றால் ஷோம்பென்னை யாரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, பாருங்கள்! பிரகடனம் வெறும் பிரகடனம் என்றால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107-ஆவது உடன்படிக்கை இருக்கிறது. 1958-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது, இன்றும் கட்டுப்படுத்தும். பழங்குடிகள் வழிவழியாக வாழும் நிலம் அவர்களுக்கே சொந்தம் என்று அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது. அதை எடுத்துப் பேசுங்கள்.

நியூயார்க் அமர்வில் நிக்கோபாரி மூப்பர்களைப் பேசவிடுங்கள். பழங்குடி உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் இங்கே வர அனுமதி கேட்கட்டும். இந்தத் துறைமுகத்தில் பணம் போட நினைக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு, அந்தச் சம்மதக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது என்பதை அவர்கள் நாட்டு அரசுகள் மூலமாகவே தெரியப்படுத்துங்கள்.

ஒரு வேண்டுகோள். ஷோம்பென்களைப் பார்க்க யாரும் வர வேண்டாம், கேமராவோடு நிச்சயமாக வேண்டாம். ராஜீவ் நகருக்கு வாருங்கள். மே மாதத்துக்கு முன்னால் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு கடல் கொந்தளிக்கும், கப்பலை நம்ப முடியாது.

இப்படிக்கு,
கேம்பல் பேயில் குடியேறிய ஒருவரின் மகள்