ஆசிரியருக்கு மட்டும்தான் அதிகஷ்டப் பிரதேசமா?

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியருக்கு,

இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் மாவட்ட ஒதுக்கீடு வேண்டாம், திறமை மட்டும் போதும் என்று கடந்த வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில் சொன்னதையும் துணைக்கு இழுத்திருந்தார். அந்தத் தீர்ப்பு இங்கே பொருந்தாது. நமது மாவட்ட ஒதுக்கீடு யாருடைய இனத்தையும் கேட்பதில்லை. மட்டக்களப்பில் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, பறங்கிப் பிள்ளை எல்லாருக்கும் அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, ஒன்றுதான்.

1971இல் ‘தரப்படுத்தல்’ என்ற பெயரில் நடந்தது வேறு. மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவரிடம் 250 புள்ளியும் சிங்களமொழி மாணவரிடம் 229 புள்ளியும் கேட்டார்கள். அது அநியாயம், இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் 1974இல் வந்த மாவட்ட முறையால் யாழ்ப்பாணம் இழந்தபோது மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் கதவு கொஞ்சம் திறந்தது. இரண்டையும் ‘தரப்படுத்தல்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது சரியில்லை.

என் குறை வேறு இடத்தில். இப்போது பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. 25 மாவட்டங்களில் 16 பின்தங்கியவை. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் உண்டு. சரி, மட்டக்களப்புக்குள்ளே யார் பின்தங்கியவர்?

நான் 22 வருடம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் படிப்பித்தவள். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். கணிதம் படிக்க ஆசைப்பட்ட ஒரு மாணவி விடிய முதல் பஸ் பிடித்து நகரத்துக்குப் போவாள். ரியூஷன் முடிந்து இறங்கும்போது இருட்டிவிடும். யானை வரும் ரோட்டு அது. தாய் டோர்ச் லைட்டோடு சந்தியில் நிற்பார், சில நாள் அயல்வீட்டுக்காரரும் தீப்பந்தத்தோடு கூட நிற்பார். அந்தப் பிள்ளைக்கும், ரியூஷன் வகுப்புக்கு நடந்தே போகும் நகரப் பிள்ளைக்கும் விண்ணப்பத்தில் ஒரே பெயர்: மட்டக்களப்பு மாவட்டம். கொஞ்சப் புள்ளியில் அவளுக்குப் பொறியியல் பீடம் தவறிப்போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் கஷ்டத்தை அளக்க அரசாங்கத்திடம் ஏற்கெனவே ஒரு அளவுகோல் இருக்கிறது. பாடசாலைகளைக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகுத்துத்தான் ஆசிரியர் இடமாற்றமும் கொடுப்பனவும் பார்க்கிறார்கள். அந்தக் கொடுப்பனவை நானும் வாங்கினேன். என் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரால் ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

அந்த 5 வீதத்தையாவது மாவட்டத்துக்குக் கொடுக்காமல் அதிகஷ்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று பார்க்க வேண்டாம். மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பிள்ளைக்கும் அம்பாறை மாவட்டத்து மகாஓயாப் பிள்ளைக்கும் ஒரே விதி. நகரத்தவர் கடைசி நேரத்தில் பதிவை மாற்றிக்கொண்டு வருவார்கள் என்ற பயம் இருந்தால், ஆறாம் ஆண்டு முதல் சாதாரண தரம் வரை அங்கேயே படித்திருக்க வேண்டும் என்று எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்கட்டிச்சோலை.