எல்லை தாண்டாத கண்காணிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘சமூக சேவை’ தண்டனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, முதல் தடவை, பொருளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் ஜெயில் இல்லை, சமூக சேவைதான் என்று, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா சொல்வதைக் கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் குற்றவாளியை ஜெயிலுக்கு வெளியே வைத்துத் திருத்துவது நம் நாட்டுக்கே புதுசு என்பதுபோல ஒரு வரி போகிறபோக்கில் வந்திருக்கிறது. பணியில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்தது அந்த வேலையைத்தான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர். கோர்ட்டில் பி.ஓ. என்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு பதவி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், போலீஸ் 110 கேஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு) போட்டு எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணையையும் எங்கள் வேலையையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அது, இவன் இனிமேல் தப்புச் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது. எங்களுடையது, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு ஜெயிலுக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்பி, ஓர் அலுவலரைக் கவனித்துக்கொள்ளச் சொல்வது. அதற்கானது 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டம். சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே, 1936-இல், இதற்கென்று தனிச்சட்டம் இருந்தது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். வயது 20. கிணற்று மோட்டாரின் காப்பர் வயரை அறுத்து எடைக்குப் போட்டுவிட்டான். 21 வயது ஆகாதவன் என்றால் ஜெயிலுக்கு அனுப்பும் முன் கோர்ட் எங்களிடம் அறிக்கை கேட்க வேண்டும். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போனேன். கையில் ஃபைலைப் பார்த்தால் தெருவே கூடிவிடும் என்பதால் அதைப் பையில் போட்டுக்கொண்டு போவதுதான் என் வழக்கம். அவன் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு கேஸா சார்?” என்றார். அப்பா இல்லை, டைல்ஸ் ஒட்டும் வேலை தெரியும், முன் வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடக் கண்காணிப்பு என்று உத்தரவானது.

மூன்றாம் மாதம் ஒரு மேஸ்திரி அவனை மாநில எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய ஊருக்கு அழைத்துப் போனார். நல்ல கூலி. மாதத்தின் முதல் திங்கள்கிழமை அவன் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். ஞாயிறு ராத்திரி பஸ் ஏறி, விடியுமுன் இறங்கி, எங்கள் அலுவலக வராந்தாவில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். விரல் இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அப்படியே இருக்கும். நான் கேட்பதெல்லாம் ஐந்து நிமிடக் கேள்வி. மறுபடி ராத்திரி பஸ். இரண்டு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. அந்த 1958 சட்டத்தின் பிரிவு 13(2)-ஐப் பாருங்கள். உத்தரவு போட்ட கோர்ட்டோ, அவன் இப்போது குடியிருக்கும் மாவட்டத்தின் மாவட்ட நடுவரோ, தேவை என்று கருதினால் கண்காணிக்கும் அலுவலரை மாற்றி நியமிக்கலாம். அதைச் சொல்லித்தான் மேலே எழுதினேன். இணைப்புகள் தமிழில் இருக்கின்றன, ஆங்கிலத்தில் அனுப்பவும் என்று பதில் வந்தது. ராத்திரி உட்கார்ந்து நானே மொழிபெயர்த்து அனுப்பினேன். அப்புறம் இரண்டு நினைவூட்டல் கடிதங்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அதற்குள் மேஸ்திரி வேறு ஆள் பார்த்துக்கொண்டார். பையன் ஊரோடு வந்துவிட்டான். வேலை இல்லாத ஆளைக் கண்காணிப்பது எங்களுக்குச் சுலபம். கூப்பிட்ட போதெல்லாம் வந்தான். என் பதிவேட்டில் அவன் பக்கம் படு சுத்தம்.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கலை நாடுகளுக்கிடையிலேயே தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். 1964-இல் ஐரோப்பிய கவுன்சில் இதற்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 2008-இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறாராக ஒரு முடிவெடுத்தது. நெதர்லாந்தில் தண்டனை பெற்ற போலந்துத் தொழிலாளி சொந்த ஊருக்குப் போய்விட்டால், கண்காணிப்பும் கூடவே போலந்துக்குப் போகலாம். எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரிப் படிவம். பெறும் நாட்டின் மொழியில் அந்தப் படிவத்தை மொழிபெயர்த்து அனுப்புவது அனுப்பும் நாட்டின் பொறுப்பு. தீர்ப்பும் படிவமும் கைக்கு வந்து 60 நாட்களுக்குள் பெறும் நாடு முடிவு சொல்லிவிட வேண்டும். அங்கேயும் இது ஓஹோ என்று ஓடவில்லை, பிரெக்ஸிட்டுக்கும் முன்பே, 2014-இல், பிரிட்டன் இந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே போய்விட்டது என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் 60 நாள் என்று எழுதியிருக்கிறது, பாருங்கள், எனக்கு அது போதும். நான் கேட்டது அதுதான்.

அமெரிக்கா நமக்கு இன்னும் பொருத்தம், அங்கேயும் மாநிலங்கள்தானே. 1937-லேயே தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, ஒரு மாநிலத்தின் கண்காணிப்பை இன்னொரு மாநிலம் ஏற்க வழி செய்துகொண்டார்கள். 2002-இல் புது ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இன்று 50 மாநிலங்களும் அதில் உண்டு.

நாம் என்ன செய்தோம்? வெளிநாட்டு ஜெயிலில் இருப்பவரை இங்கே கொண்டுவந்து மிச்சத் தண்டனையை அனுபவிக்க வைக்க 2003-இல் சட்டம் போட்டோம். கம்பிக்குள் இருப்பவர் நாடு விட்டு நாடு வரலாம். கம்பிக்கு வெளியே விட்ட என் பையனின் காகிதம் மட்டும் பக்கத்து மாநிலத்துக்குப் போய்ச் சேராது.

இதில் பெரிய அடி வாங்குபவர்கள் இங்கே வேலைக்கு வரும் வெளிமாநிலத்தவர்கள். 1958 சட்டத்தின் பிரிவு 4-இன்படி ஒருவரைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதற்கு, கோர்ட்டின் எல்லைக்குள்ளோ, பிணைக்காலத்தில் அவர் இருக்கப்போகும் இடத்திலோ, அவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வீடோ வேலையோ இருக்கிறது என்று நடுவருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். தகரக் கொட்டகையில் ஆறு பேரோடு படுத்திருப்பவரிடம் என்ன நிலையான வீடு? ‘இருக்கப்போகும் இடம்’ என்று ஒடிசாவில் ஒரு கிராமத்தைக் காட்டலாம். அங்கே போய் யார் விசாரித்து எழுதுவது? நான் பார்த்த வழக்குகளில் ஒரே மாதிரித் திருட்டுக்கு உள்ளூர்ப் பையன் வீட்டுக்குப் போனான், வெளியூர்ப் பையன் ஜெயிலுக்குப் போனான். நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மேஜைக்கு வேறு காகிதமே வராது.

சமூக சேவையிலும் இதே கதைதான் வரப்போகிறது. கோர்ட் உத்தரவிடும், சமூகத்துக்குப் பயன்படும், கூலி கிடையாது என்றுதான் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் விளக்கம் தருகிறது. மேற்பார்வை யார் என்று அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. செங்கல் சூளைக்கு வந்தவர் சீசன் முடிந்து ஊருக்குப் போய்விட்டால் மிச்ச நாளை எங்கே கழிப்பார்?

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடப் பத்து ரூபாய்தான் ஆகும். கடந்த பத்து வருடத்தில் 13(2)-ஐப் பயன்படுத்தி எத்தனை பேரின் கண்காணிப்பை வேறு மாநிலத்துக்கு மாற்றினீர்கள், எத்தனை பேரை ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஐந்து தென்மாநிலங்களுக்கும் உங்கள் நிருபர் ஒரு மனு அனுப்பட்டும். வருகிற பதிலை, அது பூஜ்யமாக இருந்தாலும், இதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்,
திண்டிவனம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)