எஞ்சினைத் திறக்க விடாதே, அம்மாடி

சுங்கை சிப்புட்
ஞாயிறு காலை

அம்மாடி,

நீ அனுப்பிய உன் பழைய ஹைலக்ஸ் டீசல் வண்டியின் சத்தத்தை நேற்று ராத்திரி போனைக் காதோடு ஒட்டி வைத்து நாலைந்து தடவை கேட்டேன். எஞ்சினுக்குள் பேரிங் போய்விட்டது, எஞ்சினைத் திறக்க வேண்டும் என்று அங்கே வண்டி பழுது பார்க்கும் போமன் சொன்னதாக எழுதியிருந்தாய். திறக்க விடாதே. எனக்கு அப்படிப் படவில்லை.

கேமரன் மலைக் குளிரில் டீசல் வண்டி காலையில் டக் டக்கென்று அடிப்பது அதன் சுபாவம். எஞ்சின் குளிர்ந்திருந்தால் டீசல் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகும். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே மூச்சில் எரிகிறது, அந்த அடிதான் கேட்கிறது. சூடானதும் அடங்கிவிடும். உன் ஹைலக்ஸில் அடங்கவில்லை, தாளமும் வேறு. நிமிடத்துக்கு 700 சுற்று ஓடும் எஞ்சினில், டீசலைப் பீய்ச்சும் நோசல் ஒன்று கெட்டால் வினாடிக்கு ஆறு அடி விழும். பேரிங் என்றால் கனமாக, கீழிருந்து வரும். நீ அனுப்பியதை எண்ணவே முடியவில்லை. டின்னில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல் கடகடவென்று இருக்கிறது. எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும் ஏதோ ஒன்று அது.

என் சந்தேகம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வேக்குவம் பம்ப் மேல்தான். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் உறிஞ்சும் காற்றே பிரேக்குக்குத் துணை. பழைய டீசலில் அந்த உறிஞ்சல் கிடையாது, அதனால் தனிப் பம்ப். உள்ளே இருக்கும் தகடுகள் தேய்ந்தால் கடகடக்கும். முழுக்கப் போனால் பிரேக் கல்லாகிவிடும். தாப்பாவுக்கு இறங்கும் அந்த வளைவுகளை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்றைக்கே ஒன்று செய். சமதளத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, எஞ்சினை அணை. பிரேக்கை ஐந்தாறு தடவை மிதி, இறுகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணு. மிதி கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை ஓரடிகூட நகர்த்தாதே.

நீ ஆறாம் வகுப்பில் யுபிஎஸ்ஆர் பரீட்சை எழுதிய வருடம், குலை ஏற்றும் தோட்டத்து லாரி ஒன்றில் இதே சத்தம் வந்தது. நானும் பேரிங் என்றே நம்பினேன். எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் புதிதுபோல் இருந்தது. பூட்டி முடித்தால் மறுபடியும் அதே சத்தம். மூன்றாம் நாள் ஆல்டர்னேட்டரையும் அந்தப் பம்பையும் சுற்றும் பெல்ட்டைக் கழற்றி ஓடவிட்டேன், சத்தம் நின்றது. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் மில்லில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அந்த மூன்று நாளும் குலைகள் ரோட்டோரம் கிடந்தன. வெட்டியவர்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் போமனிடம் முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொல். வாட்டர் பம்பும் நின்றுவிடும், அரை நிமிடத்துக்கு மேல் ஓட விடக்கூடாது. சத்தம் போனால் பேரிங் பேச்சே வேண்டாம்.

அப்புறமும் இருந்தால் போமன் நோசல் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கலாம். எதைத் தளர்த்தும்போது அடி மாறுகிறதோ அந்த நோசலை அடுத்த சிலிண்டரில் போட வேண்டும். அடியும் கூடவே போனால் நோசல்தான். அங்கேயே நின்றால்தான் பேரிங்கையோ பிஸ்டனையோ நினைக்க வேண்டும். இதை நீ செய்யாதே, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தம்பியின் புது வண்டி காமன் ரெயில், எல்லா நோசலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் மிக அதிக அழுத்தத்தில் நிற்கும், 1,000 பாருக்கு மேலும் ஏறும். அதில் அந்த நட்டை யாருமே தளர்த்திப் பார்க்கக் கூடாது, அவனிடமும் சொல்லி வை.

டீசல் பில்டர் மாற்றி எவ்வளவு நாளாகிறது? இப்போது எண்ணெய் நிலையத்தில் ஊற்றும் டீசலில் ஒரு பங்கு செம்பனையிலிருந்து எடுத்தது (நம் தோட்டத்துக் குலையும் அதில் இருக்கும்). பழைய டேங்கின் கசடைக் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைக்கும். இந்தச் சத்தத்துக்கு அது காரணமில்லை, ஆனாலும் பார்த்துவிடு.

சனிக்கிழமை ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். நீளமான ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டாயிற்று. அதன் நுனியைப் பம்ப் மேல் வைத்து, பிடியைக் காதுக்குக் கொடுத்தால் தெரிந்துவிடும். அதுவரை கூட வேலை செய்யும் டீச்சரின் காரில் பள்ளிக்குப் போ. பசியாறிவிட்டு அந்தப் பிரேக்கைப் பார்த்து, மிதி இறங்கியதா இல்லையா என்று உடனே போன் பண்ணு.

அப்பா