எலிதானே என்று ஒதுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய் ஆராய்ச்சிச் செய்தி எது வந்தாலும் “எலிக்குக் குணமானால் நமக்கென்ன” என்கிறார்கள், என் அக்கா மார்பகப் புற்றுநோயோடு கீமோவுக்கு அலைந்ததைக் கூடவே இருந்து பார்த்த எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை.

மனிதக் கட்டியை எலிக்குள் வைத்து வளர்க்க எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிதான் வேண்டும், இல்லாவிட்டால் அதன் உடம்பு கட்டியை ஏற்காது. சரி, எதிர்ப்புச் சக்தியே இல்லாத எலியிடம் அதைத் தூண்டிவிடும் மருந்தை எப்படிச் சோதிப்பது? மரபணு மாற்றிய எலி இங்கேதான் உதவுகிறது. 1984-இல் ஹார்வர்டில் பிலிப் லெடர் குழு, மிக் என்ற புற்று மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய எலிகளுக்கு மார்பில் கட்டி தானாகவே வந்தது, அப்புறம் ஹெர்-2 என்ற இன்னொரு புற்று மரபணுவை வைத்தும் செய்தார்கள். எதிர்ப்பணுக்கள் இருக்கும்போதே, அவற்றின் கண்ணெதிரே கட்டி மெல்ல வளர்கிறது, நம் உடம்பில் நடப்பதுபோலவே. அப்படி வளரும் கட்டி எதிர்ப்பணுக்களிடமிருந்து தப்பப் பழகிவிடுகிறது, அதனாலேயே இந்த எலிகளில் மருந்து பல சமயம் தோற்கிறது, ஏன் தோற்கிறது என்று தெரிவதுதான் என் அக்கா மாதிரியானவர்களுக்கு வேண்டியது.

எலி மனிதர் இல்லைதான். ஒரே மரபணுவால் வரும் கட்டியில் மனிதக் கட்டியின் அத்தனை மாற்றங்களும் இருக்காது. ஆனால் ஹார்மோன் மருந்தும் ஹெர்-2 மருந்தும் உதவாத ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ வகை மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 2021-இல் ஆரம்பக் கட்டத்திலேயே அனுமதித்த பெம்ப்ரோலிசுமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளுக்கு அடிப்படையும் எலி ஆய்வுகள்தான்.

உங்கள் செய்திகளில் சோதனை எலியிலா மனிதரிலா, எந்த மாதிரி எலி என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள்.

ஒரு வாசகி,
மயிலாப்பூர், சென்னை