புதியவருக்கு எந்தப் பக்கத்தைத் திறந்து தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் இணையச் சித்திரக்கதைகளை, அதாவது வெப்காமிக்ஸைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வெப்காமிக்ஸ் படித்து வருபவள் என்ற முறையில், கட்டுரையின் இறுதியில் தரப்பட்டிருந்த இருபத்தைந்து தலைப்புகளின் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை அருமையான படைப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், இதுவரை ஒரு வெப்காமிக்ஸைக்கூடப் படித்திராத ஒருவர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவார் என்பதுதான் என் கவலை.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஒரு நெடுங்கதையின் தள முகவரியை என் அக்கா மகளுக்கு அனுப்பிவைத்தேன். அச்சிட்ட புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதல் பக்கம் முதலில் வரும். இத்தகைய தளங்களிலோ பெரும்பாலும் கடைசியாக வெளியான பக்கம்தான் முகப்பில் நிற்கும். அவள் கண்ணில் பட்டது எண்ணூறு பக்கங்களுக்குப் பிறகு வரும் ஒரு பிரிவுக் காட்சி. “சித்தி, இவங்க ரெண்டு பேரும் யாரு, எதுக்கு அழறாங்க?” என்று கேட்டாள். முதல் பக்கத்துக்குப் போகும் அம்புக்குறியைக் காட்டிக்கொடுத்தேன். அங்கே இருந்த கோணல்மாணலான ஓவியங்களைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை மூடி வைத்துவிட்டாள்.

அந்த ஓவியங்கள் அப்படி இருந்ததற்குக் காரணம் உண்டு. இணையத்தில் தொடர் வரைபவர்களில் பலர் வரையக் கற்றுக்கொண்டே கதையையும் சொல்லிச் செல்பவர்கள். அவர்களுடைய பயிற்சிக் காலம் முழுவதும் வாசகரின் கண் முன்னே கிடக்கிறது. 2005-இல் டாம் சிடெல் தொடங்கிய ‘கன்னர்க்ரிக் கோர்ட்’ தொடரின் தொடக்கப் பக்கங்களையும் சில ஆண்டுகளுக்குப் பிந்தைய பக்கங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கை வரைந்தவைதாமா என்ற வியப்பு எழும். கதையில் ஊறியவர்களுக்கு அந்த வளர்ச்சியே பெரிய இன்பம். புதிதாக வருபவருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அல்லது ஓவியம் கை கூடிய பிறகு தொடங்கும், தனித்துப் படிக்கத்தக்க ஓர் அத்தியாயத்தை எடுத்துத் தர வேண்டும்.

படிக்கும் முறையையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கணினித் திரையை ஒரு தாளாகப் பார்க்காமல் எல்லையற்ற பரப்பின் மீது திறக்கும் சன்னலாகப் பார்க்கலாம் என்று சித்திரக்கதைக் கலைஞரும் ஆய்வாளருமான ஸ்காட் மெக்ளவுட் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். கொரியாவில் உருவாகி, மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் வெப்டூன்களில் அந்த எண்ணம் எப்படி உயிர்பெறுகிறது என்பதை அருகில் அமர்ந்து காட்டினால்தான் புரியும். ஒருவன் கிணற்றுக்குள் விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அச்சில் அது மூன்று கட்டங்களில் முடிந்துவிடும். இங்கோ, கட்டைவிரல் உருட்ட உருட்டத் திரை முழுவதும் கறுப்பு, மேலும் கறுப்பு, வெகு நேரம் கழித்து, சுவரின் விளிம்பைப் பற்றியிருக்கும் ஐந்து விரல்கள். கட்டங்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடம்தான் அங்கே காலம் என்பதை அறியாதவர், பக்கம் சரியாகத் திறக்கவில்லை என்று நினைத்து விரைவாகத் தள்ளிவிடுவார். அதேபோல், ராண்டல் மன்றோ வரையும் ‘எக்ஸ்கேசிடி’ (xkcd) என்ற நகைச்சுவைத் தொடரில் படத்தின் மேல் சுட்டியை வைத்தால் மட்டுமே தோன்றும் ஒரு வரி உண்டு. பல நாள்களில் நகைச்சுவையின் மகுடமே அந்த வரியில்தான் இருக்கும். யாரும் சொல்லாவிட்டால், புதிய வாசகர் ஆண்டுக்கணக்கில் அதைப் பார்க்காமலே படித்துக்கொண்டிருக்கக் கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது, கதை முடிந்துவிட்டதா என்ற தகவல். பாதியில் நின்றுபோன தொடர்கள் இணையத்தில் ஏராளம். முதன்முதலாகப் படித்த கதையே அந்தரத்தில் நின்றுவிட்டால், இரண்டாவதைத் தேடிப் போக மனம் வராது. ஆகவே, இரண்டாம் முறை என் அக்கா மகளுக்கு நான் தேர்ந்தெடுத்தது, முழுமையாக முடிந்த ‘டிக்கர்’ என்ற தொடர். அர்சுலா வெர்னான் கறுப்பு வெள்ளையில் வரைந்த இக்கதை, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹ்யூகோ விருதைச் சித்திரக்கதைப் பிரிவில் 2012-இல் பெற்றது. சுரங்கம் தோண்டும்போது வழி தவறிய ஒரு வாம்பாட் (வளை தோண்டி வாழும் ஆஸ்திரேலிய விலங்கு), ஏதோ ஓர் ஊரின் கோயில் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அங்கே இருக்கும் பிள்ளையார் சிலை அதனோடு பேசத் தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தின் முகவரியை மட்டும் அனுப்பி, அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் இருந்தேன். நான்காம் நாள் அவளே அழைத்து, கதையில் வரும் கழுதைப்புலிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள்.

ஆகவே, தங்கள் இணைப்பிதழில் வாரம் ஒரே ஒரு படைப்பை அறிமுகம் செய்யும் சிறு பகுதி ஒன்றைத் தொடங்க வேண்டுகிறேன். எந்தப் பக்கத்திலிருந்து படிக்கலாம், கதை முடிந்ததா தொடர்கிறதா, எந்த வயதினருக்கு ஏற்றது என்பவை அதில் இருக்கட்டும்; படங்களைக் கண்டு குழந்தைகளுக்கானது என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்திய பெற்றோரை நான் அறிவேன். கூடவே, வரைந்தவரின் பெயரையும் அவருடைய சொந்தத் தளத்தின் முகவரியையும் தவறாமல் வெளியிட வேண்டும். கையொப்பம் வெட்டப்பட்ட கட்டங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் சுற்றி வருகின்றன. பக்கங்களை இலவசமாகத் தந்துவிட்டு, வாசகர்கள் மனமுவந்து தரும் தொகையையும் புத்தக விற்பனையையும் நம்பி வரைபவர்கள் இவர்கள். ஒரு படத்தை ரசித்துச் சிரித்தவர், அதை வரைந்தவரின் தளத்துக்கு வந்து சேர அந்தக் கையொப்பம் ஒன்றுதான் வழி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி